காகம் போட்ட துணி, பாதியாகிப் போன புருவம்: இரண்டையும் எப்படி மீட்பது?

வண்ணநூல், அசோக் நகர்
ஜூன் 9, இரவு 9.50

இந்த வாரம் இரண்டு இடத்தில் அடிபட்டு வந்திருக்கிறேன். வீட்டில் சொன்னால் "உனக்கு எதற்கு இந்த வேலை" என்று ஒரே பதில்தான் வருகிறது. அதனால் இங்கே கேட்கிறேன்.

முதலில் துணி. எழும்பூர் பாந்தியன் சாலையில் இரண்டரை மீட்டர் பருத்தித் துணி எடுத்தேன். வெளிர் நீலம். அதில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்புக் காகங்கள். ஒரு காகம் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது, இன்னொன்று அலகில் குச்சியோடு நிற்கிறது. மயிலும் கிளியும் அன்னமும் எல்லாத் துணியிலும் வரும். காகத்தை யார் துணியில் அச்சடிப்பார்கள்? கடைக்காரர் மடிப்பைப் பிரித்தபோதே இது எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். முழங்கால் வரை வரும் நேர்வெட்டுக் குர்தா தைக்கக் கொடுத்தேன். முன்பக்கம் அருமையாக வந்திருந்தது. திருப்பினால், முதுகில் இருக்கும் காகங்கள் அத்தனையும் தலைகீழாகத் தொங்குகின்றன. மின்கம்பியில் அடிபட்டுத் தொங்குமே, அதே கோலம். "இதை வீட்டுக்குள் மாட்டாதே" என்று அம்மா சொல்லிவிட்டார். தைத்தவரிடம் கேட்டால், மடித்து வெட்டினால் அப்படித்தான் வரும் என்கிறார்.

அடுத்தது புருவம். எனக்கு அப்பாவின் புருவம். அடர்த்தியாக, கொஞ்சம் நேராக, நுனியில் மட்டும் இறங்கும். கல்லூரிக் காலத்தில் அதை மறைக்க முடியைக் கத்தரித்து நெற்றியில் விட்டிருந்தேன். முப்பது வயதுக்குப் பிறகுதான் அது எனக்கு எவ்வளவு பொருத்தம் என்று தெரிந்தது. தம்பியின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் ஒரு பார்லருக்குப் போய், லேசாக ஒழுங்குபடுத்தினால் போதும் என்றேன். கண்ணை மூடிப் படுத்திருந்தேன். எழுந்து கண்ணாடியைப் பார்த்தபோது பாதிப் புருவம் இல்லை. நிச்சயதார்த்தப் படங்களில் இருக்கும் முகத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அன்றிரவு அழுதுவிட்டேன்.

கேள்விகள் இவை. முதுகுக் காகங்களை நிமிர்த்த வழி இருக்கிறதா? புருவம் வளர எத்தனை நாள் ஆகும்? அதுவரை இப்படிப்பட்ட துணிகளை எடுத்து வைத்துவிட்டு வெறும் நிறத்துணி உடுத்துவது நல்லதா? மெல்லிய புருவத்தோடு அந்தக் குர்தாவைப் போட்டுப் பார்த்தால் காகம்தான் தெரிகிறது, நான் தெரியவில்லை.


தையல்கடை மகள், பெரம்பூர்
ஜூன் 9, இரவு 11.15

அக்கா, காகத்தை நிமிர்த்தலாம். படிக்கும்போதே கை பரபரத்தது.

ஏன் இப்படி ஆனது என்பதை முதலில் சொல்கிறேன். துணியை நீளவாட்டில் இரண்டாக மடித்து, முன்பாகத்தையும் பின்பாகத்தையும் ஒரே வெட்டில் எடுத்திருக்கிறார். வெறும் நிறத்துணிக்கும், எல்லாத் திசையிலும் சிதறிய பூவுக்கும் அது சரி. காகம் ஒரே திசையில் நிற்கிறது. துணியின் ஒரு முனையைக் கொண்டுவந்து மறுமுனையோடு சேர்த்தால் மேலே இருக்கும் மடிப்பில் காகம் நிமிர்ந்திருக்கும், கீழ் மடிப்பில் கவிழ்ந்திருக்கும். இப்படிப்பட்ட துணியை மடித்த இடத்திலேயே இரண்டு துண்டாக்கி, ஒரு துண்டைத் திருப்பிவைத்து, இரண்டிலும் காகத்தின் தலை கழுத்துப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். அப்பா சுண்ணக்கட்டியால் மேல்பக்கத்தில் ஒரு அம்புக்குறி போடுவார். அதைப் போடாமல் நான் வெட்டினால் இன்றும் திட்டு விழும். பெரிய உருவம் உள்ள துணிக்கு அரை மீட்டர் கூடுதலாக எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

இப்போது வழி. பின்பாகத்தை மட்டும் தையல் பிரித்து எடுத்துவிடுங்கள். பிளேடு வேண்டாம், தையல் பிரிக்கும் கொக்கி வாங்குங்கள். இடுப்புக்கு மேல் கைக்குழியும் கழுத்தும் வெட்டியிருப்பதால் அந்தப் பகுதியைத் திருப்ப முடியாது. ஆனால் இடுப்புக்குக் கீழே நேர்வெட்டு என்றால் அது கிட்டத்தட்ட நீள்சதுரம். இடுப்பில் குறுக்காக வெட்டி, கீழ்ப்பகுதியை அப்படியே தலைமாற்றினால் காகம் நிமிர்ந்துவிடும். மேல்பகுதிக்கு வேறு துணி. கறுப்பு அல்லது கருநீலம், வெறும் நிறம், இதே கனத்தில் இருக்க வேண்டும். இணைக்கும் தையலில் இரண்டு பக்கமும் அரை அங்குலம் போகும். அதை மேல்துண்டின் நீளத்தில் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குர்தா முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் ஏறி நிற்கும்.

புதுத் துணியை வாங்கியதும் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்த பிறகே வெட்டுங்கள். இரண்டரை மீட்டர் பருத்தியில் மூன்று நான்கு அங்குலம் சுருங்குவது சாதாரணம். நனைத்த நீலமும் நனைக்காத கறுப்பும் சேர்ந்தால் முதல் சலவையில் முதுகு சுருட்டிக்கொள்ளும்.


நூல்பிடி, வேளச்சேரி
ஜூன் 10, காலை 6.40

17 வருடமாகத் திரெட்டிங் செய்கிறேன். உங்கள் பதிவைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை. என் தொழிலில் இது அடிக்கடி நடக்கிறது. 'லேசாக' என்ற சொல் உங்களுக்கு ஒன்று, நூலைப் பிடித்திருப்பவருக்கு வேறொன்று. எதை எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதை விட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த முறை படுப்பதற்கு முன்பு கண்ணாடியைக் கையில் வாங்கி, "இந்த அடர்த்தியும் இந்த நேர்க்கோடும் அப்படியே இருக்கட்டும், கீழே இமைப் பக்கம் சிதறியிருப்பதை மட்டும் எடுங்கள்" என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். ஒரு புருவம் முடிந்ததும் நிறுத்தச் சொல்லி, எழுந்து பாருங்கள். முகம் சுளிப்பவரிடம் போகாதீர்கள்.

நான் செய்யும் முறை இது. மூக்கின் பக்கவாட்டு விளிம்பில் ஒரு பென்சிலை வைப்பேன். அங்கிருந்து கண்ணின் உள்முனை வழியாக நேரே மேலே போனால் புருவத்தின் தலை. அதே இடத்திலிருந்து கருவிழியின் வெளி ஓரம் வழியாகச் சாய்த்தால் வளைவின் உச்சி. கண்ணின் வெளிமுனை வழியாகச் சாய்த்தால் வால் முடியும் இடம். மூன்றையும் வெள்ளைப் பென்சிலால் குறித்துக் காட்டிவிட்டுத்தான் நூலை எடுப்பேன். உங்களைப் போல நேர்ப்புருவம் உள்ளவர்களுக்கு உச்சியைச் செதுக்கவே கூடாது. எல்லா முகத்துக்கும் ஒரே வில்லைப் பொருத்தும் பழக்கத்தால் எத்தனையோ நல்ல முகங்கள் ஒரே அச்சாகிவிட்டன. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

வளர்ச்சி பற்றி: தலைமுடி வருடக்கணக்கில் வளரும். புருவமுடி சில வாரங்கள்தான் வளரும், பிறகு நின்றுவிடும். அதனால்தான் அது நீண்டு தொங்குவதில்லை. வேரோடு எடுத்த இடம் முழுதாக நிரம்ப மூன்று நான்கு மாதம் வேண்டும். அதுவரை யாரிடமும் காட்டாதீர்கள், என்னிடமும்தான். ஆறாவது வாரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்து அழுக்கு மாதிரித் தெரியும். அப்போது கை துறுதுறுக்கும். அந்த முடிகள்தான் உங்கள் பழைய கோடு. அவற்றைப் பிடுங்கினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பிடுங்கிய இடத்தில் சிலருக்கு முடி வராமலே போய்விடுகிறது.

விளக்கெண்ணெய் தடவலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தடவுங்கள், இருக்கும் முடி பளபளக்கும். வேர் போன இடத்தில் அது முளைக்கவைக்காது. முகத்துக்கு ரெட்டினால் கிரீம் போடுகிறவர்கள் அதைச் சொல்லாமல் நூலுக்கோ வேக்ஸுக்கோ உட்காராதீர்கள், தோல் உரிந்துவிடும். இன்னொன்று: யாரும் கை வைக்காமலேயே புருவத்தின் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு உதிர்ந்தால் பார்லருக்கு வராதீர்கள், தைராய்டு இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். என்னிடம் வந்த இரண்டு பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.


கேள்விக்குறி
ஜூன் 10, காலை 10.05

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். புருவத்தைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. பிறந்தபடி விட்டுவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. துணியும் அப்படித்தான். முப்பதைத் தாண்டிய வயதில் அலுவலகத்துக்குக் காகம் போட்ட உடை எதற்கு? மற்றவர்கள் கண்ணில் படுவதற்காகவா? ஒரு நல்ல கைத்தறி, ஒரு எளிய வெட்டு. அதில் இல்லாத கண்ணியம் எதில் இருக்கிறது?


வண்ணநூல், அசோக் நகர்
ஜூன் 10, மதியம் 1.20

நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள், நேர்மையாகவே சொல்கிறேன். நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுவதும் எண்கள். பத்து வருடம் கடையில் தொங்கிய குர்தாவையே போட்டுக்கொண்டு போனேன். ஒருநாள் மாம்பலம் நிலையத்தில் என்னுடைய அதே குர்தாவில் மூன்று பேரைப் பார்த்தேன். அவர்கள் மேல் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த உடையில் நான் எடுத்த முடிவு என்று ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது துணி, கழுத்தின் ஆழம், கையின் நீளம், பொத்தான் எல்லாம் நான் தேர்ந்தெடுத்தவை. காகத்தைத் தேர்ந்தெடுத்ததும் என் மொட்டைமாடியில் தினமும் அதோடு பழகுவதால்தான். மற்றவர் பார்ப்பதும் பார்க்காததும் இரண்டாம் விஷயம்.

புருவத்தைத் தொடாமல் விட்டிருந்தால் இந்த வாரம் நிம்மதியாக இருந்திருப்பேன். அது உண்மை.


புரசை அம்மா
ஜூன் 10, மாலை 5.30

கண்ணு, உன் அம்மா சொன்னதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதே. எங்கள் வீட்டிலும் காகத்துக்கு வைத்த பிறகுதான் இலை போடுவோம். அமாவாசை அன்று கூப்பிட்டு வரவில்லை என்றால் மனசே சரியாக இருக்காது. உட்கார்ந்த காகம் வீட்டுக்கு வந்த பெரியவர்கள். தொங்குகிற காகத்தைப் பெண்ணின் முதுகில் பார்த்தால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். அதை நிமிர்த்திக் காட்டு, அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

எனக்கு 68 வயது. எங்கள் காலத்தில் புருவம் பார்லரில் ஆரம்பிக்கவில்லை, குளிப்பாட்டுகிற காலில் ஆரம்பித்தது. பிள்ளையைக் காலை நீட்டிப் படுக்கவைத்து எண்ணெய் தேய்க்கும்போது, கட்டைவிரலால் புருவத்தை உள்ளிருந்து வெளியே நீவிவிடுவார்கள். குளிப்பாட்டித் துடைத்து, சாம்பிராணிப் புகை காட்டிவிட்டு மையால் புருவம் எழுதுவார்கள். அந்த மை வீட்டிலேயே செய்தது. கரிசலாங்கண்ணியை இடித்துச் சாறு பிழிந்து, வெள்ளை மல் துணியை அதில் நனைத்து நிழலில் உலர்த்துவோம். மறுபடி நனைத்து மறுபடி உலர்த்தினால் துணி பச்சை கலந்த கறுப்பாகிவிடும். அதைத் திரியாகத் திரித்து விளக்கெண்ணெய் அகலில் ஏற்றி, இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைப்போம். விடிகாலையில் தட்டின் அடியில் கரி வெல்வெட் மாதிரிப் படிந்திருக்கும். விரலை வைத்தால் சத்தமே இல்லாமல் அமுங்கும். அதை வழித்து ஒரு சொட்டு விளக்கெண்ணெயில் குழைத்தால் மை. என் மகளுக்கு எழுதியது. பேத்திக்கு எழுத அவள் விடவில்லை, கண்ணுக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னாராம். சரி, கண்ணுக்குள் வேண்டாம்.

நீவினால் புருவம் வளையுமா என்று கேட்காதே. நீவிய கையை அந்த முகம் மறக்காது என்று மட்டும் தெரியும். உன் புருவம் உன் அப்பாவுடையது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துத்தான் இவ்வளவும் எழுதினேன்.


சட்டைக்காரன், தாம்பரம்
ஜூன் 11, இரவு 8.10

என் சட்டைகளை நானே தைக்கிறேன், ஒன்பது வருடமாக. துணி பற்றி ஒரு வார்த்தை.

விசித்திரமான துணி என்றதும் காகம், மீன், ஆட்டோ என்று அச்சிட்ட படத்தைத்தான் தேடுகிறோம். உலகமே விசித்திரம் என்று வாங்கிப் போட்ட துணிக்கு நம் ஊர்ப் பெயர்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 'மெட்ராஸ்' என்றால் ஊர் அல்ல, கட்டம் போட்ட பருத்தித் துணி. 1960களில் அங்கே அதை 'பிளீடிங் மெட்ராஸ்' என்று விற்றார்கள். துவைக்கத் துவைக்கச் சாயம் ஒன்றோடொன்று கலந்து மங்குவதைக் குறையாகச் சொல்லாமல், சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று விளம்பரமே செய்தார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது நைஜீரியாவின் கதை. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்கள் நம் பக்கத்துக் கட்டத் துணியைத் தலைமுறைகளாக வாங்கி உடுத்துகிறார்கள். வாங்கியபடியே அல்ல. ஊசியால் ஒரு நூலைத் தூக்கி, பிளேடால் அறுத்து, மெதுவாக உருவி எடுக்கிறார்கள். வெளிர் நிற நூல்களைத் தேர்ந்து உருவ உருவ, பழைய கட்டத்துக்குள்ளிருந்து வேறொரு வடிவம் எழுந்து வருகிறது. அறுத்த துணி என்ற பொருளில் அதற்கு 'பெலேட்டே பிட்டே' என்று பெயர். நெய்தது நாம், ஆனால் அந்தத் துணி அவர்களுடையது. அதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

நான் கட்டத் துணியில் தைக்கும்போது சட்டைப்பையை மட்டும் கிராஸாக வெட்டுவேன். கட்டத்தை நேராகப் பொருத்தினால் ஒரு நூல் விலகினாலும் கண்ணை உறுத்தும். 45 பாகை சாய்த்துவிட்டால் பொருத்த வேண்டிய தேவையே இல்லை, பார்ப்பதற்கும் பை தனியாக நிற்கும். ஆனால் முன்பட்டியில் அந்தச் சலுகை கிடையாது. பொத்தான் போட்டால் இடது கட்டமும் வலது கட்டமும் கோடு விலகாமல் சேர வேண்டும். இதற்காக ஒரு முழுக் கட்டம் கூடுதலாகத் துணி விடுவேன், குண்டூசி குத்தி வைத்துத்தான் தைப்பேன். துணி எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் தையல். கழுத்துப்பட்டி கோணியிருந்தால் அதே காகம் இரவு உடையாகிவிடும்.


நூல்பிடி, வேளச்சேரி
ஜூன் 11, இரவு 9.25

சட்டைக்காரன் தம்பி, நூலை உருவி எடுத்து வடிவம் கொண்டுவருகிற அந்தக் கதையை மூன்று முறை படித்தேன். நானும் அதைத்தானே செய்கிறேன்! 40ஆம் எண் நூலை முறுக்கிப் பல்லில் ஒரு முனை, கையில் இரண்டு வளையம். அந்த முறுக்கு நகரும்போது எந்த முடி சிக்க வேண்டும், எந்த முடி தப்ப வேண்டும் என்பதுதான் முழு வேலையும். நாளை என் கடைப் பெண்களுக்கு இதைச் சொல்வேன்.


எழும்பூர்வாசி
ஜூன் 12, காலை 7.30

துணி எங்கே கிடைக்கும் என்று மூன்று பேர் தனியாகக் கேட்டார்கள். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் பக்கம் இருக்கும் கடைகளைத்தான் காட்டன் ஸ்ட்ரீட் என்கிறோம். ஏற்றுமதியில் மிஞ்சிய பருத்தி அதிகம் வரும். இன்று பார்த்தது நாளை இருக்காது. "யோசித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்து நான் இழந்த துணிகளை இன்னும் மறக்கவில்லை. காலை வெயில் ஏறுமுன் போங்கள். துணியைக் கடைக்குள்ளே பார்க்காமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். அகலத்தை மறக்காமல் கேளுங்கள். 44 அங்குலத்துக்கும் 36 அங்குலத்துக்கும் ஒரு குர்தாவில் முக்கால் மீட்டர் வித்தியாசம் வரலாம். ஈரக் கைக்குட்டையைத் துணியின் மூலையில் அழுத்திப் பாருங்கள், சாயம் போகுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பெரும்பாலான கடைக்காரர்கள் தடுப்பதில்லை.

கலம்காரி வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. காளஹஸ்தியில் பேனாவால் வரைவார்கள், மசூலிப்பட்டினத்தில் மரக்கட்டையால் அச்சிடுவார்கள். உண்மையானது கடுக்காயில் தோய்த்த துணி. கறுப்புக் கோடு இரும்புத் துருவும் வெல்லமும் ஊறிய கரைசலில் வருவது. திரையச்சில் அடித்ததைக் கலம்காரி என்று விற்பதும் உண்டு. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கையச்சில் சாயம் ஓரளவு மறுபக்கம் இறங்கியிருக்கும்.


பெரியமேடு ஓவியம்
ஜூன் 13, இரவு 10.40

புருவத்தைத் தொடாமல் விடுவதுதான் இயல்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓவியக் கல்லூரியில் படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன், சான்றாக மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைக் காட்டுவேன். நடுவில் சேர்ந்த புருவம், பூக்கள் சூடிய தலை, வண்ணப் பாவாடை. 1907இல் பிறந்து 1954இல் மறைந்தவர். அவர் இறந்த பிறகு அவருடைய உடைகளும் பொருள்களும் வீட்டிலேயே பூட்டி வைக்கப்பட்டு, 2004இல்தான் திறக்கப்பட்டன. 2018இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அதில் ஒரு புருவப் பென்சிலும் இருந்தது. கறுப்பு. அந்தப் புருவத்தை அவர் தீட்டியிருக்கிறார். இயற்கையாக இருந்ததை எடுக்காமல் இன்னும் அழுத்தமாக்கியிருக்கிறார். அதுவும் ஒரு முடிவுதான்.

அவருடைய உடையும் அப்படித்தான். மெக்சிகோவின் தெவாந்தெபெக் பகுதிப் பெண்களின் சதுர வெட்டு மேலாடை, தரை தொடும் பாவாடை. சிறு வயதில் போலியோவில் மெலிந்த கால், 1925 பேருந்து விபத்துக்குப் பிறகு உடம்பைச் சுற்றிய இறுக்கக் கவசம். சதுர மேலாடை அந்தக் கவசத்தின் மேல் தளர்வாக விழும், பாவாடை காலை மூடும். பார்ப்பவர் கண் அனைத்தும் கழுத்துக்கு மேலே போகும். வண்ணநூல், நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உடையை ஒளித்து வைக்காதீர்கள். முகத்துக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் அமைதி கொடுங்கள். முன்பக்கமும் கழுத்தைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு அதே கறுப்புத் துணியில் பட்டி வைத்தால் காகம் கீழே நின்றுகொள்ளும்.


ஆடல்வல்லி, மயிலாப்பூர்
ஜூன் 14, காலை 8.15

நடனம் கற்பிக்கிறேன். பரதத்தில் புருவத்துக்கு மட்டும் ஏழு அசைவுகள் உண்டு. தூக்குவது, இறக்குவது, நெரிப்பது என்று. மேடையில் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும் என்று நீளமாகத் தீட்டிக்கொள்வோம். ஆனால் தீட்டிய கோட்டுக்குக் கீழே சதை அசைய வேண்டும். மிக மெல்லியதாக எடுத்துவிட்ட மாணவிகளுக்கு, கோபமும் வியப்பும் ஒன்றுபோலத் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். அரங்கேற்றத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே நூல் கூடாது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். சில தாய்மார்களுக்கு அதில் கோபம்.

அதுவரை தீட்டிக்கொள்ள ஒரு வழி: கறுப்பை எடுக்காதீர்கள், அடர் பழுப்பு எடுங்கள். ஒரே கோடாக இழுக்காமல் முடி முளைக்கும் திசையில் சின்னச் சின்னக் கீற்றாகப் போடுங்கள். தலைப்பக்கம் மேல்நோக்கி, வால்பக்கம் சாய்வாக. சென்னை வெயிலுக்கு மேலே கொஞ்சம் பவுடர் ஒற்றினால் மதியம் வரை நிற்கும்.


கேள்விக்குறி
ஜூன் 14, இரவு 9.00

ஃப்ரீடாவின் பென்சில் எனக்குப் புதிய செய்தி. என் கருத்தை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் 'பிறந்தபடி' என்று நான் எழுதியதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் சவரம் செய்கிறவன்தானே நானும்.


வண்ணநூல், அசோக் நகர்
ஆகஸ்ட் 2, இரவு 10.20

எட்டு வாரம். நூல்பிடி அக்கா சொன்ன அழுக்கு நிலையில் இருக்கிறேன். அலுவலகத்தில் ஒருவர் "புருவம் எடுக்க நேரமில்லையா" என்று கேட்டார். இடது புருவத்தின் கீழே ஒன்பது முடிகள் தனியாக முளைத்திருக்கின்றன, எண்ணிவிட்டேன். கை வைக்கவில்லை. இடுக்கியை அம்மாவின் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன்.

குர்தாவின் முதுகைப் பிரித்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. கறுப்புத் துணி தேடினேன், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் தியாகராய நகருக்குள் நுழைய முடியவில்லை. மறுபடி பாந்தியன் சாலைக்கே போய் ஒரு மீட்டர் எடுத்தேன். நனைத்துக் காயவைத்திருக்கிறேன்.


தையல்கடை மகள், பெரம்பூர்
ஆகஸ்ட் 3, காலை 9.10

சீக்கிரம் கொடுத்துவிடுங்கள் அக்கா. புரட்டாசி பிறந்தால் தீபாவளித் துணி குவிய ஆரம்பிக்கும், அதன் பிறகு மாற்றித் தைக்கும் வேலையை யாரும் தொடமாட்டார்கள். துணியோடு ஒரு தாளில் படம் வரைந்து, காகத்தின் தலை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டு, குண்டூசியால் குத்திக் கொடுங்கள்.


வண்ணநூல், அசோக் நகர்
அக்டோபர் 11, இரவு 9.35

இன்று குர்தாவைப் போட்டுக்கொண்டு போனேன். முதுகில் மேலே கறுப்பு, இடுப்புக்குக் கீழே காகங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. கறுப்புத் துணி மொட்டைமாடிச் சுவர் போலவும், அதன் கீழே காகங்கள் வந்து இறங்கியது போலவும் இருக்கிறது. நான் திட்டமிட்டது அல்ல, பிழையைச் சரிசெய்யப் போய் வந்தது. ஆனால் முதலில் சரியாகத் தைத்திருந்தால் இவ்வளவு நன்றாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். கழுத்தில் மூன்று விரல் கறுப்புப் பட்டியும் வைத்தேன். பட்டிக்காக முன்கழுத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. தைத்தவரிடம் வெட்டுவதற்கு முன்பு பத்து நிமிடம் பேசினேன், அவரே அம்புக்குறி போட்டார்.

புருவம் வலப்பக்கம் முழுதாக வந்துவிட்டது. இடப்பக்கம் வால் மட்டும் கொஞ்சம் மெலிவு, அதைப் பழுப்புப் பென்சிலால் நான்கு கீற்றில் நிரப்புகிறேன். போன வாரம் வேளச்சேரிக்குப் போய் நூல்பிடி அக்காவிடம் உட்கார்ந்தேன். அவர் குறித்தார், காட்டினார், கேட்டார். மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கீழே இருந்த சிதறல் மட்டும் போயிற்று. கண்ணாடியில் அப்பா இருந்தார்.


நூல்பிடி, வேளச்சேரி
அக்டோபர் 11, இரவு 10.05

இனி தைப் பொங்கலுக்கு வந்தால் போதும். அதற்கு முன் வந்தால் டீ மட்டும்தான் கொடுப்பேன்.


புரசை அம்மா
அக்டோபர் 12, காலை 6.15

முதுகிலிருந்து வெட்டி எடுத்த மேல்துண்டு என்ன ஆனது கண்ணு? தலைகீழ்க் காகத்தோடு இருந்ததே, அது?


வண்ணநூல், அசோக் நகர்
அக்டோபர் 12, காலை 8.40

அதை இப்படித் திருப்பிப் பிடித்தால் நேர்க்காகம்தானே அம்மா. கைக்குழியை ஒதுக்கி, 14 அங்குலத்துக்கு 12 அங்குலம் வந்தது. மறுபக்கம் மிஞ்சிய கறுப்பு. பையாகத் தைத்துவிட்டேன், முதல் முறையாக நானே, அம்மாவின் மிஷினில். தையல் கொஞ்சம் கோணல். அம்மா இன்று காலை அதைத்தான் எடுத்துக்கொண்டு கீரை வாங்கப் போயிருக்கிறார்.


புரசை அம்மா
அக்டோபர் 12, காலை 8.55

கைப்பிடிக்கு என்ன வைத்தாய்? கீரைக்கட்டு ஈரத்தோடு கனக்கும், வெறும் துணி தாங்காது.


வண்ணநூல், அசோக் நகர்
அக்டோபர் 12, காலை 9.02

அப்பாவின் பழைய வேட்டிக் கரை. நான்கு மடிப்பு.